காலை ஷிஃப்ட் கல்யாணம்

மண்டபம் பார்க்கிற வேலையை மட்டும் மலர்க்கொடி யாரிடமும் விடவில்லை. புடவை, பத்திரிகை, சமையல்காரர் எல்லாவற்றையும் மகளும் தம்பியும் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள். வியாசர்பாடியில் ஒரு கிளை நூலகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளராக இருப்பவள். எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தே பழகிவிட்டவள். கல்யாணம் எங்கே நடக்க வேண்டும் என்பதிலும் அந்தக் கறார்தான் போலிருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

காரணம் வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் எழில்மொழி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். மாப்பிள்ளை ரவிக்குமார் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். காசிமேட்டு மீனவக் குடும்பம். அவன் அப்பா பாஸ்கர் விசைப்படகு ஓட்டுகிறவர். அம்மா குப்பம்மா துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவள். மலர்க்கொடியின் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் பௌத்தம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கப் பிள்ளைகளுக்கு எட்டு மாதம் பிடித்தது. சம்மதித்த அன்றே குப்பம்மா மனதில் இருந்ததைப் போட்டு உடைத்தாள்.

"இத பாரு சம்மந்தி, நான் சொல்றத தப்பா எடுத்துக்காத. எங்க ஊரு மண்டபத்துல வெச்சா உங்காளுங்க வாசலோட நின்னுக்குவாங்க. உங்க புத்த விகாரத்துல வெச்சா எங்காளுங்க பாதி பேரு அன்னிக்கின்னு பாத்து வவுத்த வலின்னு பட்த்துக்குவாங்க. ரெண்டும் வோணாம். உன் எடமும் இல்லாம என் எடமும் இல்லாம பொதுவா ஒண்ணு பாரு."

அந்தப் பேச்சு மலர்க்கொடிக்குப் பிடித்திருந்தது. சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைவிட இப்படிச் சொல்கிறவர்களோடு காலம் தள்ளுவது சுலபம். பொதுவான இடம் ஒன்று அவள் மனதில் அதற்கு முன்பே இருந்தது.

விம்கோ நகர் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி, ஒரு கம்பிக்கயிறு தொழிற்சாலை இருந்தது. துறைமுகத்துக் கிரேன்களுக்கும் மீன்பிடிப் படகுகளில் வலை இழுக்கும் வின்ச்சுகளுக்கும் அங்கேதான் இரும்புக் கயிறு முறுக்கினார்கள். மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பழைய சங்கத்துக்காரர்களும் சில ஓய்வுபெற்ற இன்ஜினியர்களும் அலைந்து திரிந்து, இடிக்காமல் மிஞ்சிய ஒரு பெரிய கொட்டகையை அருங்காட்சியகமாக ஆக்கியிருந்தார்கள். ஏரியாவில் அதற்கு ரோப் மியூசியம் என்று பெயர். நடுக்கூடத்தைக் கூட்டத்துக்கும் விழாவுக்கும் கொடுப்பார்கள்.

மலர்க்கொடியின் கணவன் குணசேகரன் அங்கே பதினைந்து வருடம் வேலை பார்த்தவன். கம்பெனி மூடிய பிறகு கண்டெய்னர் யார்டில் காவல் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, வேலைக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஒரு காலில் கட்டியிருந்தது, மறு காலில் கட்டவில்லை.

அருங்காட்சியகம் திறந்த புதிதில் அவளை அவன் ஒருமுறை அங்கே கூட்டிப்போனான். கூடத்தின் ஒரு முழுச் சுவரை இரண்டு மரப்பலகைகள் அடைத்திருந்தன. இடது பலகையில் வெளியே என்றும் வலது பலகையில் உள்ளே என்றும் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. இரண்டிலும் வரிசை வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் போட்ட ஒரு பித்தளை டோக்கன். வேலைக்கு வரும்போது தன் டோக்கனை வெளியே பலகையிலிருந்து எடுத்து உள்ளே பலகையில் மாட்ட வேண்டும். போகும்போது திரும்ப மாற்ற வேண்டும். கம்பெனி மூடிய நாளில் இருந்தபடியே பலகைகளை வைத்திருந்தார்கள். அறுநூறு டோக்கனும் வெளியே. உள்ளே பலகையில் வெறும் கொக்கிகள்.

"பாத்தியா கொடி, ஒருத்தன கூட உள்ள வுடாம நிக்க வெச்சிருக்கானுங்க" என்று குணசேகரன் சிரித்தான். தன் டோக்கனைக் காட்டினான். நானூற்றுப் பதினேழு. பிறகு தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தான். "ஸோக்கா கீதுல்ல? நல்ல உசரம், நல்ல காத்து. நம்ம எழிலு கல்யாணத்த இங்க வெச்சா அன்னிக்கி ஒருநாளு நானும் டோக்கன மாட்டிகினு உள்ள வந்து குந்திக்குவேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்று காலையில் நானூற்றுப் பதினேழு உள்ளே பலகையில் தொங்க வேண்டும். மண்டபம் பார்க்கிற வேலையை அவள் விடாததற்குக் காரணம் அவ்வளவுதான்.

எழில்மொழியிடம் வேறு காரணங்கள் சொன்னாள். பொது இடம், காற்றோட்டம், வண்டி நிறுத்த வசதி. எழில்மொழி போனில் படம் பார்த்துவிட்டு, "செமையா இருக்கும்மா, ஃபோட்டோ தூள் கிளப்பும்" என்றாள். மலர்க்கொடியின் தம்பி பாரிதான் முகம் சுளித்தான். அவன் மின்வாரியத்தில் வேலை. எந்தத் திருமணத்திலும் வாழ்த்துரை அவனுடையதாகத்தான் இருக்கும்.

"யக்கா, பூட்டுன கம்பெனில போயி கல்யாணமா? எவனாவது சகுனம் பேசுவான்."

"நீ எப்படா சகுனம் பாக்க ஆரம்பிச்ச?"

"நான் பாக்கல. அவங்க பாப்பாங்க."

அவன் சொன்னது வேறு விதத்தில் பலித்தது.

அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்று மட்டும்தான் கூடத்தை விழாவுக்குக் கொடுப்பார்கள். மலர்க்கொடிக்கு அது இன்னும் வசதியாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்காரர்களை அசைக்க முடியாது. ஊரே மீன் வாங்க வருகிற நாள். செவ்வாய் வியாபாரம் மந்தம். சம்மந்தி வீட்டுக்குப் பிழைப்பு கெடக்கூடாது என்று யோசித்து யோசித்து, வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்து, கூடத்துக்கு எழுதியும் கொடுத்துவிட்டாள். தடைக்காலம் வேறு. அந்த இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது; பாஸ்கரும் வீட்டில் இருப்பார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்ட சந்தோஷத்தில் ஒரு தட்டு நிறைய பழம் வாங்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனாள்.

குப்பம்மா அப்போதுதான் துறைமுகத்திலிருந்து வந்து குளித்து, தலையில் துண்டு கட்டியிருந்தாள். தேதியைக் கேட்டாள். விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"இன்னா சம்மந்தி, அது செவ்வாக்கெழமையாச்சே!"

"ஆமா. உங்களுக்கு யாவாரம் கம்மியான நாளுன்னுதான்..."

"யாவாரம் கெடக்குது. செவ்வாக்கெழமையில எவளாவது பொண்ணு கழுத்துல தாலி ஏத்துவாளா? எங்க நாத்தனாரு ஒருத்தி போதும், தெருத்தெருவா தண்டோரா போட்டுட்டு வருவா."

மலர்க்கொடிக்கு முகம் சூடானது. நாள் நட்சத்திரம் பார்க்கிற வழக்கம் அவள் வீட்டில் அவள் தாத்தா காலத்தோடு போய்விட்டது. அவளுடைய கல்யாணமே ஒரு செவ்வாய்க்கிழமைதான் நடந்தது. அன்றைக்குக் கூட்டம் போட மைதானம் கிடைத்தது என்பதற்காக. மற்றவர்களுக்கு அந்தக் கிழமை ஆகாது என்பது அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்த விஷயம் நினைவுக்கு வரவே இல்லை, அவ்வளவுதான். மீன் வியாபாரத்தை யோசித்தவள் பஞ்சாங்கத்தை யோசிக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க சம்மந்தி. எனக்குத் தோணவே இல்ல."

குப்பம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "தோ பாருய்யா," என்று உள்ளே இருந்த பாஸ்கரைக் கூப்பிட்டாள். "நமக்காவ மீனு ரேட்ட பாத்து நாளு குறிச்சிகினு வந்துகீது இந்தம்மா! உன் தங்கச்சி என்னிக்காவது அத்த பாத்துகீறாளா?"

சிரித்தாலும் கிழமை கிழமைதான். வேறு நாள் இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று குப்பம்மா சொல்லிவிட்டாள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏசி மண்டபம் ஒன்று அவளுக்குத் தெரிந்தவர்களுடையது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மலர்க்கொடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏசி மண்டபத்தின் சுவரில் எதை மாட்டுவது என்று யோசித்துப் பார்த்தாள். குணசேகரனின் படத்தை மாலை போட்டு மாட்டலாம். எல்லா மண்டபத்திலும் இறந்தவர்களுக்கு அப்படித்தான் ஓர் ஓரம் கொடுக்கிறார்கள். அவன் ஓரத்தில் மாட்டிக்கொள்வதைப் பற்றிப் பேசவில்லை. உள்ளே வந்து உட்காருவதைப் பற்றித்தான் பேசினான்.

மறுநாள் குப்பம்மாவுக்குப் போன் செய்தாள். "ஒரே ஒரு தடவ வந்து அந்த எடத்தப் பாத்துடுங்க. அப்புறம் நீங்க எங்க சொன்னாலும் சரி."

அந்த வாரமே நான்கு பேரும் போனார்கள்: மலர்க்கொடி, பாரி, குப்பம்மா, பாஸ்கர். வாசலில் இவர்களை எதிர்கொண்டவர் பொறுப்பாளர் ஃப்ரெடி. ராயபுரத்துக்காரர், எழுபது வயது, கால்சட்டைக்குள் செருகிய வெள்ளைச் சட்டை. கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். ஆட்களை அவர் எண்ணால்தான் நினைவு வைத்திருந்தார்.

"குணா மிஸஸ்தானே? ஃபோர் ஒன் செவன். வாங்க மேடம்."

அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். விதிமுறைகள். பாரி சத்தமாகப் படித்தான். கூடத்தின் மரத்தளத்தில் நாற்பது வருட கிரீஸ் ஊறியிருப்பதால் உள்ளே நெருப்பு கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. எந்திரங்களுக்கு மாலை போடக் கூடாது. எலி வரும் என்பதால் அரிசி தூவக் கூடாது. உள்ளே சாப்பாடு கூடாது.

"அரிசி போடாம எப்டி ஆசீர்வாதம் பண்றது?" என்றாள் குப்பம்மா. "பஸ்ஸு ஏத்தி வுடறாப்ல கைய ஆட்டி அனுப்பறதா?"

"பூ போடலாம் மேடம். ஆனா நீங்களே பெருக்கணும்."

"வெளக்கு?"

"வராண்டாவுல. வாசப்படிக்கு அந்தப் பக்கம்."

குப்பம்மா திருப்தியில்லாமல் உதட்டைப் பிதுக்கினாள். இதற்குள் பாஸ்கர் எங்கோ போயிருந்தார். அதிகம் பேசாத மனிதர். தேடிப் பார்த்தால், கூடத்தின் கோடியில், கயிறு முறுக்குகிற பெரிய எந்திரத்தின் அருகே நின்று, மாதிரிக்கு வைத்திருந்த ஒரு முழ இரும்புக் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். தொடக்கூடாது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது.

"எங்க வின்ச்சுல நைனா காலத்துல இந்த ரோப்புதான்" என்றார் மலர்க்கொடியிடம். "இது அறுந்து நான் பாத்ததில்ல. அப்பால வந்ததெல்லாம் கலீஜு. போன வருசம் ஒண்ணு அறுந்து ஒருத்தன் கையி போச்சு." கயிற்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வூட்டுக்காரரு இத்த முறுக்கறவரா?" என்றார்.

"ஆமாங்க. இந்த மிஷின்தான்."

பாஸ்கர் கயிற்றை இருந்தபடி வைத்தார். மனைவியைப் பார்த்து, "எடம் நல்லாதான் கீது" என்றார். அதற்கு மேல் அவர் அன்று எதுவும் சொல்லவில்லை. அதுவே அவருக்கு அதிகம் என்பது குப்பம்மாவின் முகத்தைப் பார்த்தபோது மலர்க்கொடிக்குப் புரிந்தது.

குப்பம்மா இடுப்பில் கைவைத்து ஃப்ரெடியின் பக்கம் திரும்பினாள். "செவ்வாக்கெழம வுட்டு வேற நாளு இல்லியா சாரு?"

"மத்த நாள் எல்லாம் மியூசியம் ஓப்பன். பப்ளிக் வருவாங்க."

"எத்தினி மணிக்கு தொறப்பீங்க?"

"பத்து மணி."

"பத்து மணியா!" குப்பம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பத்து மணிக்கு நாங்க ஒருநாளு பொழப்பயே முட்சிட்டு வூட்ல வந்து நாஸ்டா துன்னுகினு இருப்போம் சாரு. ராவுல மூணு மணிக்கு ஏலத்துல நிக்கறவங்க நாங்க. புதங்கெழம காலைல ஆறுலேந்து ஏழரை முகூர்த்தம். ஒம்போதரைக்கு பெருக்கி வுட்டு சாவிய கைல குட்த்துட்டா உனுக்கு இன்னா பேஜாரு? பப்ளிக்கு வரசொல்ல ஒரு பூவு கூட கெடக்காது."

ஃப்ரெடி யோசித்தார். கூடம் திறக்கவும் விளக்குகள் போடவும் அவர்தான் வர வேண்டும். "அப்ப நான் நாலரைக்கு வரணும்" என்றார். சொல்லும்போது அலுப்பு இருந்தது. சொல்லி முடித்ததும் அலுப்பு போய்விட்டது. "மார்னிங் ஷிஃப்ட்" என்றார். "ஆறு மணி ஷிஃப்டுக்கு அஞ்சுக்கே டைம் ஆபீஸ் திறப்பேன். ட்வென்டி எய்ட் இயர்ஸ். ஒருநாள் லேட் இல்ல."

"அப்பறம் இன்னா!" என்றாள் குப்பம்மா.

"ஆனா ஒம்பதே முக்காலுக்கு ஹால் க்ளியரா இருக்கணும். ஸ்பீச் எல்லாம் இருக்கா?"

எல்லோரும் பாரியைப் பார்த்தார்கள்.

"சுருக்கமா பேசிடறேன்" என்றான் பாரி.

"அவன் சுருக்கமா பேசினா ரெண்டு ஷிஃப்ட் ஆகும் சார்" என்றாள் மலர்க்கொடி. "எட்டு நிமிஷம் குடுங்க."

சாப்பாட்டை இரண்டு தெரு தள்ளி மாநகராட்சி சமுதாயக் கூடத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மற்றவர்கள் வராண்டாவில் விளக்கு வைக்க இடம் பார்க்கப் போனபோது, மலர்க்கொடி பலகைகளின் முன்னால் ஃப்ரெடியை நிறுத்தினாள்.

"சார், ஒரு உதவி. அன்னிக்குக் காலைல மட்டும், நானூத்திப் பதினேழ உள்ள மாட்டணும்."

ஃப்ரெடி கண்ணாடியைக் கழற்றினார்.

"அது முடியாது மேடம்."

"ரெண்டு மணி நேரம்தான்."

"டைம் இல்ல விஷயம். இது லாஸ்ட் டே எப்படி இருந்துச்சோ அப்படி வைக்கணும்னு கமிட்டி முடிவு. அதுகூடப் பரவால்ல. ஆனா ஒருத்தர் டோக்கனை இன்னொருத்தர் மாட்டக் கூடாது. கம்பெனில அது ப்ராக்ஸி. மூணு நாள் சஸ்பென்ஷன். எனக்கு அதுல எக்ஸப்ஷன் கிடையாது. குணாவுக்கே நான்தான் லெட்டர் எழுதினேன், தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். அவர்களுக்குக் கல்யாணமான மறுவருடம். குணசேகரனோடு வேலை செய்த பொன்னுரங்கத்தின் மனைவிக்கு விடிகாலையில் பிரசவ வலி. பொன்னுரங்கம் வர அரை மணி ஆகும் என்று, அவன் டோக்கனைக் குணசேகரன் மாட்டினான். ஃப்ரெடி கண்டுபிடித்துவிட்டார். மூன்று நாள் வேலையில்லை. அந்த மூன்று நாளும் குணசேகரன் வீட்டில் இருந்தான். வார நாளில் பகல் சாப்பாட்டை இருவரும் சேர்ந்து சாப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் பஸ் ஏறி எண்ணூர் கடற்கரைக்குப் போய், முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். சம்பளம் போனதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு அவள் மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறாள். இப்போது அதைச் சொல்லி வாதாடலாம் என்று தோன்றவில்லை. குறிப்புதவி நூல்களை வெளியே எடுத்துப்போகக் கெஞ்சுகிற வாசகர்களிடம் அவளும் இதே முகத்தோடுதான் பேசுவாள்.

"சரிங்க சார்" என்றாள்.

கல்யாண வேலைகள் ஓடின. அலங்காரம் செய்கிறவர் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து, மேடைக்குப் பின்னால் இருக்கிற பலகையெல்லாம் அசிங்கமாக இருக்கிறது, ரோஜா நிறத்தில் துணி கட்டி மறைத்துவிடுகிறேன் என்றார். மலர்க்கொடி கூடாது என்றாள். பூவாவது என்றார். அதுவும் கூடாது என்றாள். எழில்மொழி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கண்ணே, அது அப்டியே இருக்கட்டும்" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று மலர்க்கொடி கேட்கவில்லை.

புதன்கிழமை ஐந்து மணிக்கு வேன் போய் நின்றபோது ஃப்ரெடி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கூடத்தில் எல்லா விளக்கும் எரிந்தது. காசிமேட்டுக்காரர்கள் ஏற்கெனவே வந்து நாற்காலிகளைப் பாதி நிரப்பியிருந்தார்கள். தலை நிறையப் பூவோடு, பட்டுப்புடவையில், நடுப்பகல் போலச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வியாசர்பாடிக்காரர்கள்தான் தூக்கக் கலக்கத்தில் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"இன்னா மாமு, உங்காளுங்க இன்னும் முழிக்கல போலக்கீது" என்று யாரோ பாரியைக் கலாய்த்தார்கள்.

"நாங்க ராத்திரியெல்லாம் புத்தகம் படிக்கிறவங்க, தோஸ்து" என்றான் பாரி. கொட்டாவியும் சேர்ந்து வந்தது.

மேடையில் புத்தர் படமும் பாபாசாகேப் படமும் இருந்தன. வராண்டாவில் குப்பம்மா கொண்டுவந்த குத்துவிளக்கு எரிந்தது. காற்றில் அணையாமலிருக்க அவள் நாத்தனார் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். தண்டோரா போடவேண்டியவளுக்குக் குப்பம்மா கொடுத்த வேலை அது.

மலர்க்கொடி மேடைக்குப் பின்னால் போனாள். மாலைகள் வைத்த கூடையை எடுக்கத்தான் போனாள். பலகை கை எட்டும் தூரத்தில் இருந்தது. அறுநூறு டோக்கனும் வெளியே. ஐந்தாவது வரிசையில் நானூற்றுப் பதினேழு. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு புத்தகத்தைக்கூட அவள் பதிவு செய்யாமல் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை.

கையை நீட்டி டோக்கனைக் கழற்றினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நாலடி நடந்து உள்ளே பலகைக்குப் போய், ஐந்தாவது வரிசையைத் தேடி, அதே எண்ணுக்கான கொக்கியில் மாட்டினாள். வெறும் பலகையில் அது மட்டும் ஆடியது.

திரும்பினால் ஃப்ரெடி நின்றுகொண்டிருந்தார்.

"மேடம். இது ப்ராக்ஸி."

"ஆமா சார்."

"மூணு நாள் சஸ்பென்ஷன்."

"சரி சார்."

ஃப்ரெடி பலகையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பழைய பதிவேட்டைத் திறந்தார். என்னத்தையோ எழுதினார். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

"ஒம்பதே முக்காலுக்குள்ள வெளிய மாட்டிடணும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

புத்தம் சரணம் என்று திரிசரணம் சொன்னார்கள். மணமக்கள் உறுதிமொழி படித்தார்கள். ரவிக்குமாருக்கு நடுவில் நாக்குக் குழறியது, காசிமேட்டு வரிசையிலிருந்து விசில் பறந்தது. ஆறே காலுக்கு மாலை மாற்றினார்கள். குப்பம்மாவின் விருப்பப்படி தாலியும் கட்டினான். அரிசி இல்லாமல் சாமந்தி இதழ் தூவினார்கள். பாரி பேச ஆரம்பித்தான். எட்டாவது நிமிஷம் முடிந்ததும் வாசல் பக்கமிருந்து ஷிஃப்ட் மணி அடித்தது. கூடமே சிரித்தது. பாரி ஒலிபெருக்கியைப் பிடித்தபடி, "தோழர் ஃப்ரெடி அவர்கள் தொழிலாளியை இன்னும் மணியடித்துத்தான் அடக்குகிறார்" என்று ஒன்பதாவது நிமிஷத்துக்கும் போனான். மணி மறுபடி அடித்தது.

மலர்க்கொடி மேடையில் பெண்ணின் பக்கத்தில் நின்றாள். அழுகை வரும் என்று கைக்குட்டையை இடுப்பில் செருகியிருந்தாள். வரவில்லை. கூரை உயரமாக இருந்தது, காற்று வந்தது. குணசேகரன் சொன்ன இரண்டும் சரிதான்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் சாப்பிடப் போய்விட்டது. குப்பம்மா புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, நான்கு பெண்களோடு கூடத்தைப் பெருக்கினாள். துறைமுகத்தில் தளம் கழுவுகிற வேகம். ஒன்பது முப்பத்தைந்துக்குத் தரையில் ஓர் இதழ்கூட இல்லை. மலர்க்கொடி மட்டும் பலகையின் முன் நின்றாள்.

"இன்னா சம்மந்தி, அங்க இன்னா பாத்துகினு நிக்கற? எல போட்டுட்டாங்க."

மலர்க்கொடி சொன்னாள். இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்ல முடிந்தது. குப்பம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தாள். உள்ளே பலகையில் தனியாகத் தொங்கிய டோக்கனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காலைலேந்து நம்ம கூடவேதான் இருந்துகீறாரு, எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாரு நீ" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளயே கெடக்கட்டும் வுடு. அந்தாளு இன்னா பண்ணிடப் போறான்? நான் பேசிக்கறேன்."

"வேணாம் சம்மந்தி. ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சு. இன்னும் உள்ளயே வெச்சிருந்தா ஓவர்டைம் கேப்பாரு."

குப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மலர்க்கொடி டோக்கனைக் கழற்றினாள். இந்தத் தடவை அது வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வழியே வெயில் அந்தப் பக்கம்தான் விழுந்திருந்தது. வெளியே பலகைக்கு வந்து, நானூற்றுப் பதினாறுக்கும் நானூற்றுப் பதினெட்டுக்கும் நடுவே அதை மாட்டினாள். அது பக்கத்து டோக்கன்களில் இடித்து ஒரு சின்னச் சத்தம் எழுப்பிவிட்டு நின்றது.

வாசலில் ஃப்ரெடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடம் காலி என்று அவரிடம் சொன்னாள்.

"சார், நீங்களும் சாப்பிட வாங்க."

"பத்து மணிக்கு ஓப்பன் பண்ணணுமே மேடம்."

"அப்ப பார்சல் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, காலி மாலைக்கூடையை எடுத்துக்கொண்டு குப்பம்மாவின் பின்னால் தெருவில் இறங்கினாள்.